வேலையை விட்டுவிட்டு கேமராவோடு இறங்கலாமா? டோக்கியோ வாசகருக்கு ஒரு பதில்

கடிதத்தின் சாரம்

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 34. பி.இ. முடித்து, சென்னையில் ஐந்து வருடம், ஜப்பானில் ஏழு வருடம் என்று மென்பொருள் துறையில் இருக்கிறார். பொறியாளர்களுக்கான வேலை விசா, மூன்று ஆண்டுக்குக் கொடுத்தது. ஜப்பானிய மொழித் தேர்வில் என்-2 நான்கு வருடத்துக்கு முன்பே தேறிவிட்டார். இரண்டு வருடமாகச் சம்பளம் ஆண்டுக்கு 70 லட்சம் யென், அதற்கு முன் 60 லட்சம். மனைவி டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறார். வாரம் 28 மணி நேரம் வேலை செய்யும் அனுமதியும் அவருக்கு உண்டு. மகள் ஒன்றாம் வகுப்பு.

நாகானோவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மாமியா ஆர்.இசட். 67 ஃபிலிம் கேமரா ஒன்றில் தொடங்கியது ஆர்வம். நண்பர்கள் வீட்டுக் கொலு, பொங்கல், ஒரு ஜப்பானிய சக ஊழியரின் குழந்தைக்கு ஷிச்சி-கோ-சான் (மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்கான விழா) படங்கள் என்று வளர்ந்து, இப்போது இன்ஸ்டாகிராமில் விலைப்பட்டியலும் போட்டுவிட்டார். அசாகுசாவில் கிமோனோ வாடகைக்கு விடும் கடை ஒன்று, மாதம் இரண்டு முறை விளம்பரப் படம் எடுத்துத் தரச் சொல்கிறது. 100 மெகாபிக்சல் கோப்பு வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. படங்களின் எல்லா உரிமையும் கடைக்கே என்று ஒரு வரியும் ஒப்பந்த நகலில் இருக்கிறதாம்.

அவருடைய திட்டம் இது: இப்போதைக்கு வார இறுதியில் எடுத்து, பணத்தை மனைவி கணக்கில் வாங்குவது. செர்ரி மலர் சீசனில் மதுரையிலிருந்து வரும் மைத்துனரை வைத்து, வரியில்லாமல் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிவிடுவது. ஆறு மாதத்தில் ராஜினாமா. பிறகு கலைஞர் விசா, அது கிடைக்காவிட்டால் 50 லட்சம் யென் போட்டு கம்பெனி தொடங்கி பிசினஸ் மேனேஜர் விசா. "பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வாங்கப் பத்து வருடம் ஆகும், அதுவரை காத்திருந்தால் எனக்கு 37 ஆகிவிடும் சார். நான் நினைப்பது சரியா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கேமராவைப் பற்றி நான்கு பக்கம், விசாவைப் பற்றி நான்கு வரி. பதிலில் நான் அதைத் தலைகீழாக்கப் போகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். புகைப்படத் தொழில் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலுக்கு நீங்கள் போக வேண்டிய வழி உங்கள் இப்போதைய வேலை வழியாகத்தான் இருக்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

வார இறுதி வேலைக்கு யாருடைய அனுமதி வேண்டும்?

"ஓய்வு நேரத்தில்தானே செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானியக் குடிவரவுச் சட்டம் நேரத்தைப் பார்ப்பதில்லை, செயலைப் பார்க்கிறது. உங்கள் விசா எந்தச் செயலுக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு வெளியே சம்பாதிக்க வேண்டுமானால், ஷிககுகாய் கட்சுதோ அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், ஒரே ஒரு வாடிக்கையாளர் என்றாலும் இதுதான் நிலை. அனுமதி இல்லாமல் செய்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20 லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அதுவே முழுநேரத் தொழில்போல ஆகிவிட்டால் மூன்று வருடம், 30 லட்சம் யென் வரை போகும், நாடு கடத்தலும் வரலாம். சிறை வரை போகாவிட்டாலும் விசா புதுப்பிக்கும்போது அடி விழும். வேலை கொடுத்த கிமோனோ கடைக்காரருக்கும் சிக்கல்தான்.

இதில் ஒரு சின்னச் சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தொழிலாகச் செய்யாமல் எப்போதாவது கிடைக்கும் பரிசுத்தொகை, சன்மானம் போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. விதிகளில் கதை, கட்டுரை, ஓவியத்தோடு புகைப்படமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு போட்டியில் பரிசு வாங்கினாலோ, ஒரு பத்திரிகை உங்கள் படத்துக்கு ஒருமுறை சன்மானம் கொடுத்தாலோ பயப்பட வேண்டாம். சக ஊழியர் கவரில் வைத்துக் கொடுத்த 20,000 யென்னையும் இந்தக் கணக்கில் வாதாட இடமுண்டு. ஆனால் விலைப்பட்டியல் போட்டு ஆள் தேடுவது தொழில்தான். அதை இன்றே நிறுத்துங்கள். இதுவரை வாங்கிய பணத்தை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். விண்ணப்பம் போடும்போது உதவி செய்பவரிடம் ஒளிவுமறைவில்லாமல் காட்ட அது வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு, மாணவர்களுக்குத் தருவதுபோல மொத்தமாக 28 மணி நேர அனுமதி கிடையாது. இந்தக் கடை, இந்த வேலை, இவ்வளவு நேரம், இவ்வளவு பணம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். முக்கிய வேலை கெடக்கூடாது. கேட்கிற வேலையும் வேலை விசாக்களில் ஏதாவது ஒன்றுக்குள் வரக்கூடியதாக இருக்க வேண்டும். வணிகப் படப்பிடிப்பு என்பது, கேட்க வேடிக்கையாக இருந்தாலும், கேளிக்கைத் துறை விசாவின் கீழ் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதனால் கிமோனோ கடை விளம்பரப் படங்களுக்கு வழி இருக்கிறது. பூங்காவில் குடும்பப் படம் எடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது அப்படி எளிதாக எதிலும் பொருந்தாது என்பது என் கணிப்பு. முடிவு வர இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்று இமிக்ரேஷனே சொல்கிறது.

அப்புறம் உங்கள் கம்பெனி. ஜப்பான் தொழிலாளர் நல அமைச்சகத்தின் மாதிரி வேலை விதிகள் 2018 ஜனவரியிலிருந்தே பக்க வேலையை அனுமதிக்கும் விதமாக மாற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் உங்கள் கம்பெனி எழுதி வைத்திருக்கும் விதிதான் உங்களைக் கட்டும். பலர் "சொல்லாமல் செய்தால் யாருக்குத் தெரியும்" என்கிறார்கள். ஜூமின்ஜெய், அதாவது உள்ளூர்க் குடியிருப்பு வரி, சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது அல்லவா, அந்தத் தொகை திடீரென்று கூடினால் சம்பளக் கணக்கு பார்ப்பவருக்கு முதலில் தெரியும். எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

மனைவி கணக்கில் பணம் வாங்கும் யோசனையை அடியோடு விடுங்கள். உழைப்பு உங்களுடையது, வருமானம் அவருடையது என்று காட்டுவது பொய்க் கணக்கு. வரி அலுவலகத்திலும் மாட்டும், இமிக்ரேஷனிலும் மாட்டும். அவருக்கிருக்கும் 28 மணி நேர அனுமதியும் அடிப்படையில் நேரம் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய வேலைக்கானது. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்த வேலைக்கு அதைச் சாதாரணமாக நீட்ட முடியாது. உங்கள் ஒருவர் விசாவோடு நிற்க வேண்டிய ஆபத்தை வீட்டில் மூன்று பேருக்கும் இழுத்து வைக்கிறீர்கள்.

மைத்துனர் விஷயமும் இதே ரகம்தான். வரியில்லாமல் விற்பது, பொருள் நாட்டை விட்டு வெளியே போகிறது என்ற நிபந்தனையில். அவர் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கி உங்கள் கையில் கொடுத்தால் அது குற்றம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டு, காட்டப் பொருள் இல்லாவிட்டால், அவரிடமே அந்தப் பத்து சதவீதத்தை வசூலிப்பார்கள். 2026 நவம்பர் முதல் முறையே மாறுகிறது: முழு விலையும் கட்டி வாங்கி, நாட்டை விட்டுப் போகும்போது வரியைத் திரும்பப் பெறுவது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிற மனிதரை இதில் இழுக்காதீர்கள்.

ராஜினாமா செய்தால் என்ன ஆகும்?

வேலையை விட்ட 14 நாளுக்குள் இமிக்ரேஷனுக்கு அறிவிக்க வேண்டும். விசாவுக்கான வேலையைத் தக்க காரணமில்லாமல் மூன்று மாதம் செய்யாவிட்டால், விசாவில் தேதி மிச்சமிருந்தாலும் அதை ரத்து செய்ய அதிகாரம் உண்டு. கையில் மூன்று ஆண்டு முத்திரை இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கலைஞர் விசா என்பது உண்மையில் இருக்கிறது. இசையமைப்பாளர், ஓவியர், எழுத்தாளர் வரிசையில் புகைப்படக் கலைஞரும் அதில் வருகிறார். ஆனால் அந்தக் கலையை வைத்தே வாழ முடியும் என்று காட்ட வேண்டும். கண்காட்சிகள், பரிசுகள், வெளியான புத்தகங்கள், துறையில் பெயருள்ளவர்களின் பரிந்துரை என்று ஒரு வரலாறு கேட்பார்கள். உங்களுக்கு அது இன்னும் இல்லை. வருத்தப்படாதீர்கள், இரண்டு மூன்று வருடத்தில் அதைச் சேர்க்கலாம், வேலையில் இருந்துகொண்டே. ஷின்ஜுகு, யோட்சுயா பக்கம் புகைப்படக்காரர்களே சேர்ந்து நடத்தும் சின்னச் சின்ன காலரிகள் இருக்கின்றன. உங்கள் மாமியாவில் போடுவதுபோன்ற பெரிய அளவு (மீடியம் ஃபார்மேட்) ஃபிலிமில் எடுத்துச் சுவரில் பெரிதாக மாட்டிய படத்துக்கு அங்கே தனி மரியாதை உண்டு.

பிசினஸ் மேனேஜர் விசாவுக்கு 50 லட்சம் யென் என்று நீங்கள் பார்த்தது பழைய வீடியோ. 2025 அக்டோபர் 16 முதல் அது 3 கோடி யென். அதோடு முழுநேர ஊழியர் ஒருவரையாவது வைக்க வேண்டும். அவர் ஜப்பானியராகவோ நிரந்தரமாக வாழும் தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். நிர்வாக அனுபவம் அல்லது மேல்படிப்பு, நிபுணர் சரிபார்த்த தொழில் திட்டம், நல்ல ஜப்பானிய மொழியறிவு என்றும் நிபந்தனைகள் சேர்ந்துவிட்டன. தனியாளாகத் தோளில் கேமராவோடு போகிறவருக்கு இந்தக் கதவு மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜூமின்ஜெய் போன வருட வருமானத்தின் மேல் வருவது. வேலையை விட்ட பிறகும், 70 லட்சம் சம்பளத்துக்கான வரி ரசீது வீட்டுக்கு வரும். கம்பெனி பாதி கட்டிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் முழுக்க உங்கள் தலையில்.

உங்கள் பி.ஆர். கணக்கு தப்பு

கடிதத்தில் என்னைப் பேனா எடுக்க வைத்தது இந்த இடம்தான். பி.ஆர்.க்குப் பத்து வருடம் என்பது பொது விதி. உயர்திறன் வெளிநாட்டவருக்காக இமிக்ரேஷன் வைத்திருக்கும் மதிப்பெண் அட்டவணையில் 70 புள்ளி இருந்தால் மூன்று வருடம் போதும். இதற்கு உயர்திறன் விசாவே கையில் இருக்க வேண்டும் என்றில்லை. சாதாரண வேலை விசாவில் இருப்பவரும், மூன்று வருடத்துக்கு முன்னும் 70 இருந்தது, இன்றும் இருக்கிறது என்று தாள்களோடு நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து, இன்றைய அட்டவணைப்படி போட்டுப் பார்த்தேன். பட்டத்துக்கு 10, பத்து வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 20, 34 வயதுக்கு 10, 70 லட்சம் சம்பளத்துக்கு 25, என்-2 தேர்வுக்கு 10. மொத்தம் 75. மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு 31 வயது, அனுபவம் ஒன்பது வருடம், சம்பளம் 60 லட்சம். அப்போது 65தான் வருகிறது. ஐந்து புள்ளி குறைவு. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், சம்பளம் கூடி அனுபவமும் பத்து வருடத்தைத் தொட்டபோது, 75 ஆகிவிட்டது. ஆக, இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

அந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு 35 ஆகும். வயதுப் புள்ளி 5 ஆகக் குறைந்து மொத்தம் சரியாக 70ல் நிற்கும். ஒரு புள்ளிகூட உபரி இல்லை. சம்பளம் 70 லட்சத்துக்குக் கீழே போனால் போச்சு. பக்க வேலையில் வரும் பணம் இந்தக் கணக்கில் சேராது, முதலாளி தருவது மட்டும்தான். நீங்கள் ஆறு மாதத்தில் ராஜினாமா செய்தால் எதை இழக்கிறீர்கள் என்று இப்போது புரியும். முடிந்தால் என்-1 எழுதுங்கள், 5 புள்ளி கூடும், மூச்சு விட இடம் கிடைக்கும்.

விண்ணப்பித்த பிறகு முடிவு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை வேலையில் இருங்கள். வரி, ஓய்வூதியம், காப்பீடு ஒன்றுகூடத் தேதி தவறக்கூடாது. கட்டியது மட்டும் போதாது, நாளுக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். பி.ஆர். வந்துவிட்டால் கிமோனோ கடையோ கல்யாணமோ பாஸ்போர்ட் போட்டோவோ, யாரையும் கேட்க வேண்டாம். அப்போதும் உங்களுக்கு 37 தாண்டியிருக்காது.

ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி

அனுமதி கிடைத்து கிமோனோ கடை வேலையைத் தொடங்கினால் கவனிக்க வேண்டியவை:

"எல்லா உரிமையும் கடைக்கே" என்று மொட்டையாக எழுதினால் எல்லாமே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில், 27, 28ஆம் பிரிவு உரிமைகள், அதாவது படத்தை மாற்றி வேறு வடிவில் பயன்படுத்தும் உரிமைகள், ஒப்பந்தத்தில் தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால் உங்களிடமே இருப்பதாகக் கருதப்படும். அனுபவமுள்ள கம்பெனிகள் அதனால் அந்த எண்களைக் குறிப்பிட்டே எழுதுவார்கள். உங்கள் நகலில் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் உரிமையையே விற்க வேண்டாம். இத்தனை வருடம், இந்தக் கடையின் இணையதளம், துண்டுப் பிரசுரம், போஸ்டர் என்று பயன்பாட்டு அனுமதி கொடுங்கள். போஸ்டருக்குத் தனி விலை பேசலாம்.

2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்ஸர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலை விவரத்தையும் தொகையையும் எழுத்தில் தர வேண்டும், படத்தைக் கொடுத்த 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. வாயால் பேசிவிட்டு இழுத்தடிக்க முடியாது.

விளம்பரம், பத்திரிகை ஆகியவற்றில் அச்சாகும் படங்களுக்கு 10.21 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், ககுதெய் ஷின்கொகுவில் (ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல்) கணக்குக் காட்டி நேர்செய்யலாம். செலவு போக ஆண்டுக்கு 2 லட்சம் யென்னுக்கு மேல் மிஞ்சினால் அதைத் தாக்கல் செய்வது கட்டாயம். 2 லட்சத்துக்குக் கீழே என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பது இன்னொரு தப்பான நம்பிக்கை. ஜூமின்ஜெய்க்காக வார்டு அலுவலகத்தில் அப்போதும் சொல்ல வேண்டும்.

கேமரா வாங்கலாமா?

இப்போது வேண்டாம். மாதம் இரண்டு நாள் வேலைக்கு வாடகை எடுங்கள். டோக்கியோவில் ஜிஎஃப்எக்ஸ் உடலும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வரிக் கணக்கில் கேமராவின் ஆயுள் ஐந்து வருடம். பல லட்சம் யென் கொடுத்து வாங்கினாலும் முதல் வருடமே முழுச் செலவாகக் கழிக்க முடியாது. வருமானமே நிச்சயமில்லாதபோது அது சுமைதான்.

இன்னொன்று, இது சட்டம் அல்ல, சொந்த அபிப்பிராயம். பகல் வெயிலில் கிமோனோ எடுக்கும்போது முகத்துக்கு ஃபிளாஷ் போடுவீர்கள், வெயிலை அடக்க ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும். உங்கள் பழைய ஆர்.இசட். 67ல் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் 1/400 நொடி வரை ஃபிளாஷ் ஒத்துப்போகும். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வகையில் அது 1/125. புதியது எல்லாவற்றிலும் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். ரோலுக்குப் பத்தே படம் என்பதால் விளம்பர வேலைக்கு அது ஒத்துவராது, சரி. ஆனால் காலரிச் சுவருக்கு நீங்கள் தேடும் வரலாறு அந்தக் கேமராவில்தான் இருக்கிறது.

தெருவில் முன்பின் தெரியாதவர்களை எடுத்துப் புத்தகமாக்கும் ஆசையையும் எழுதியிருந்தீர்கள். எடுப்பதை மொத்தமாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஒருவர் சம்மதமில்லாமல் முகம் தெரிய எடுத்து வெளியிடுவதை நீதிமன்றங்கள் கடுமையாகப் பார்க்கின்றன. கின்சாவில் நடந்துபோன ஒரு பெண்ணை எடுத்து இணையத்தில் போட்டதற்கு இழப்பீடு தரச் சொல்லி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2005ல் தீர்ப்பளித்திருக்கிறது. முகம் தெரிந்தால் கையெழுத்து வாங்குங்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சாலையில் ட்ரைபாடும் விளக்கும் நிறுத்தி வேலை செய்ய போலீஸ் அனுமதி வேண்டும். கோயில்களிலும் பெரிய பூங்காக்களிலும் வணிகப் படம் என்றால் தனியாக விண்ணப்பம், பல இடங்களில் கட்டணம். இதையெல்லாம் கிமோனோ கடை பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். வேலையில் விருப்பம் இருக்கிறது, குடிவரவு அனுமதி வந்த பிறகே தொடங்க முடியும், அதற்காக நாள், நேரம், தொகை எழுதிய ஒப்பந்த நகல் வேண்டும் என்று கேளுங்கள். அந்த நகல் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. கம்பெனியின் சம்மதக் கடிதம், வேலை ஒப்பந்தம், கடந்த மூன்று வருட வரிச் சான்றுகள், என்-2 சான்றிதழ், சென்னைக் கம்பெனியின் அனுபவக் கடிதம் இவற்றோடு ஒரு கியோசெய் ஷோஷியை (அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் உரிமம் பெற்ற நிபுணர்) பாருங்கள். பக்க வேலை அனுமதியையும் பி.ஆர். புள்ளிக் கணக்கையும் ஒரே ஆளிடம் கொடுப்பது நல்லது, இரண்டிலும் தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். சென்னைக் கம்பெனி மூடிவிட்டது, கடிதம் கிடைக்காது என்றால், பி.எஃப். பதிவும் சம்பளச் சீட்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் 70 புள்ளியில் 20 அந்த அனுபவத்தில்தான் நிற்கிறது.